சல்லடை மூடி போட்ட வீடு

வாசம் போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். அந்தச் சல்லடை மூடியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். முந்தாநாள் உன் வீட்டுக்குள் நுழைந்து இதைத் தூக்கியதும் ஏலக்காய் வாசம் என் முகத்தில் அறைந்தது. இத்தனை வருஷமாக ஏலக்காய்க் கடையில் பில் போடுகிறேன், சத்தியமாக என் மூக்குக்கு அது தெரிந்ததே இல்லை. போடியில் பிறந்த யாருக்குத் தெரியும்? வெளியூர்க்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மூச்சை இழுத்து 'ஆகா' என்பார்கள். நீயும் நானும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரிப்போம். நீ போனபின் திருப்பூரில் மகன் வீட்டில் கிடந்துவிட்டு வந்ததில் என் மூக்கும் வெளியூர் மூக்காகிவிட்டது போலிருக்கிறது. மூடியைப் பிடித்தபடி நின்றேன். இத்தனை நாளும் உன் மேல் இந்த வாசம்தானே அடித்திருக்கும்! பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாமல் போனதே.

மூடிக்குக் கீழே வைக்கோலும் காகிதமும் இருந்தன. பெரியவளும் சின்னவளும் இல்லை. அடுப்படியிலிருந்து சத்தம் கேட்டது. கரக், கரக், கரக்.

அந்தச் சத்தத்தில்தானே எல்லாம் ஆரம்பித்தது. உன் மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஆசையாக வளர்த்து, வார்டன் சத்தம் போட்டதும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு கொண்டுவந்து உன் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஜெர்பிலாம். பாலைவனத்து எலியாம். அக்கா தங்கை இரண்டு பேர், பெரியவள், சின்னவள். வாலில் குஞ்சம் வைத்துக்கொண்டு, பின்னங்காலில் எழுந்து, நியாயம் கேட்க வந்தவர்கள் மாதிரி நம்மைப் பார்ப்பார்கள். "எலிப்பொறி வைக்கிற ஊர்ல எலிக்குச் சோறு வைக்கிறாளே" என்று தெருவே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "நாள் முழுக்க மூலையவே பெறாண்டுதுக புள்ள. எனக்கு நெஞ்சுக்குள்ள பெறாண்டுற மாதிரி இருக்கு" என்றாய்.

நீயும் அதே ஜாதிதானே! காய் பொறுக்க உட்கார்ந்தால் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எஸ்டேட் பெண்களோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போவாய். அங்கே சோலி ஒன்றும் கிடையாது. என்னத்துக்கடி என்று கேட்டால், "சும்மாதான். கீழயே கெடந்தா மூச்சு முட்டுது" என்பாய்.

முதலில் நாம் கட்டியது நினைவிருக்கிறதா? காசு போட்டுக் கூண்டு வாங்க வழியில்லை. கடையில் ஒதுக்கிப் போட்ட காய் காயவைக்கும் தட்டுகளை ஆணியடித்துச் சேர்த்தோம், கட்டில் அகலத்துக்கு. எனக்கு விரல் நசுங்கியது, உனக்குச் சேலை கிழிந்தது. எலிகள் இரண்டும் அன்று முழுக்க அதற்குள் ஓடின. மறுநாள் காலையில் பழையபடி மூலையில் கரக், கரக். பலகையைக் கரும்பு மாதிரி கடித்துத் துப்பியும் வைத்திருந்தன.

"போதும்டி. எலிக்கு அரமண கட்டியா குடியேத்தப் போற?" என்று நான் எரிந்து விழுந்தேன். நீ சுத்தியலைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாய். அந்த வாரமே சின்னவள் சந்து வழியாக ஓடிப்போனாள். வீடெல்லாம் தேடி, கடைசியில் வாசலில் இருந்த செவ்வந்தித் தொட்டிக்குள் கண்டுபிடித்தோம். செடியைச் சாய்த்துவிட்டு அடிவரை குடைந்து, உள்ளே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு நிம்மதியான தூக்கம். நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அடியே, இதுக அகலம் கேக்கல. ஆழம் கேக்குதுக!"

பிறகு உனக்குத் தூக்கமேது! பழைய இரும்புக் கடையில் ஏதோ பேக்கரிக்காரர் கழித்துப்போட்ட கண்ணாடி ஷோகேஸ் கிடந்தது. கதவைக் கழற்றிவிட்டு அதைப் படுக்க வைத்தால் வாய் மேலே வரும், ஆழமும் முழங்கை மூழ்கும் அளவுக்கு இருக்கும் என்று கண்டுபிடித்தது நீதான். மூடிக்கு, பிடி உடைந்த ஏலக்காய்ச் சல்லடை. "பெருங்காய் கீழ விழாத சல்லடை. இவளுக மட்டும் தப்பிச்சுருவாளுகளாக்கும்?" என்றாய்.

ஆழம் கிடைத்துவிட்டது. அதை நிரப்ப வேண்டுமே. அங்கேதான் போடிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்த முட்டாள்தனத்தைச் செய்தோம். காய் தேய்க்கும்போது உதிர்கிற காம்பும் தொலியும் கடையில் சும்மாதானே கிடக்கிறது! மூட்டையாகக் கட்டி வந்து கொட்டினோம். மெத்து மெத்தென்று இருந்தது. மறுநாளிலிருந்து இரண்டும் தும்மின. மூக்கு சிவந்துபோனது. சளி பிடித்துவிட்டதென்று நீ பழைய கம்பளியைச் சுற்றி வைத்தாய், நான் ஜன்னலைச் சாத்தினேன். லீவுக்கு வந்த உன் மகள் வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"அய்யோ, என்னாம்மா இது? இம்புட்டு ஏலக்காய் நெடியில அதுக எப்படி மூச்சு விடும்?"

நாம் இருவரும் குனிந்து முகர்ந்து பார்த்தோம். "எங்கடி? ஒண்ணும் தெரியலயே!"

அத்தனையும் அள்ளிக் கொட்டினோம். என் பிரிண்டர் தாளில் கிழித்துப் போடுகிற ஓட்டை ஓட்டையான ஓரக் கீற்றுகள், பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து கொண்டுவந்த வைக்கோல், முட்டை அட்டை எல்லாம் அடுக்கடுக்காகப் போட்டு அழுத்தினோம். பெரியவள் இறங்கினாள், சின்னவள் பின்னால் போனாள். கண்ணாடி ஓரமாகவே சுரங்கம் போனது. உள்ளே அறை, அறைக்குள் சேமித்த கம்பு. மூலைச் சத்தம் அன்றோடு நின்றது. "நம்ம மூக்கு செத்துப்போச்சுடி" என்றேன் நான். நீ கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சுரங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சாகல புள்ள. உள்ளயே கெடக்குறவளுக்கு என்னத்தத் தெரியும்?"

அப்படிச் சொன்னவள், ஒரு மத்தியானம் காய்த்தட்டின் மேலேயே சரிந்தாய். பொறுக்கிய காயும் பொறுக்காத காயும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. உன் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி? காரியம் முடிந்ததும் கடையில் உட்கார முடியவில்லை, வீட்டில் படுக்க முடியவில்லை. தனியாகக் கிடக்காதே என்று மகன் கூப்பிட்டதும் திருப்பூருக்கு ஓடினேன். அங்கேயும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவும் செய்தேன். நீ இல்லாத போடியில் எனக்கு என்ன சோலி?

காரியத்துக்கு வந்து இங்கேயே தங்கியிருந்த உன் மகள், வீட்டைக் காலி செய்கிறேன் என்று போன் செய்ததால்தான் வந்தேன். என் துணிமணியைக் கட்டிக்கொண்டு சாயங்காலப் பஸ்சுக்குக் கிளம்பிவிடுவதாக எண்ணம். இங்கே பார்த்தால் இரண்டும் அதே பழைய பிளாஸ்டிக் டப்பாவில்.

"என்னாத்தா பண்ணி வச்சிருக்க?"

"நான் என்ன செய்ய சித்தி? ஹாஸ்டல விட்டு வெளிய எடுத்திருக்கிற ரூம்ல கட்டில் போடவே எடமில்ல. டப்பாவுலதான் வச்சுக்கணும். அந்தக் கண்ணாடியப் பழைய இரும்புக்குப் போட்டுருவோம்."

"எலி வளையானாலும் தனி வளை வேணும்பா ஒங்கம்மா. அவளுக்குக் கடைசிவரைக்கும் வாடகை வீடுதான். இதுகளுக்காச்சும் ஒண்ணு கட்டிக் குடுத்தா. அதையும் பிரிச்சுப் போடணுமாக்கும்?"

அவள் அழுதுவிட்டாள். "அம்மா கைபட்டதுன்னு எனக்கு மிச்சம் இதுக ரெண்டும்தான் சித்தி. யார்கிட்டக் குடுக்கச் சொல்றீங்க? நீங்களும்தான் திருப்பூருக்குப் போறேங்கிறீங்க."

கரக், கரக் என்று அடுப்படியில் சத்தம் நிற்காமல் கேட்டது. அதைக் கேட்கக் கேட்க, திருப்பூர் வீட்டில் நான் நடந்த நடை என் காலுக்குள் ஏறியது.

"போகல" என்றேன். "நான் வச்சுக்கிறேன். நீ லீவு விட்டா இங்க வா. ஒனக்கும் ஒரு வீடு வேணும்ல."

உன் ஞாயிற்றுக்கிழமை ஜீப் அண்ணனைக் கூப்பிட்டோம். எஸ்டேட் ஆட்களை இறக்கிவிட்டு வந்தவர், ஷோகேஸைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இது என்னா லோடு தங்கச்சி?"

"எலி வீடுண்ணே. சொரங்கம் இடியாமக் கொண்டுபோகணும். மெல்லப் போங்க."

"பச்சப்புள்ளைக்காரியக் கூட இம்புட்டு மெல்ல ஏத்திட்டுப் போனதில்லத்தா."

நானும் உன் மகளும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்துக்கொண்டோம். முதல் வேகத்தடையிலேயே எல்லாம் போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் அறை சரிந்தது, சுரங்கம் மூடியது, கம்பு சிதறியது. நீ மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்த அந்த வழி என் கண்ணெதிரிலேயே அமுங்கிப்போனது. உன் காரியத்தன்று வராத அழுகை அந்த ஜீப்பில் வந்தது. அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

என் வீட்டில் இறக்கிவைத்து இரண்டையும் விட்டோம். பெரியவள் எழுந்து நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் குனிந்து தோண்ட ஆரம்பித்தாள், வேறு இடத்தில். இடிந்ததைப் பற்றி இருவருக்கும் ஒரு கவலையும் இல்லை.

நேற்றும் இன்றும் கடைக்குப் போனேன். உன் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துதான் பில் போட்டேன். சாயங்காலம் வந்து மூடியை முகர்ந்தால் வாசம் பாதியாகிவிட்டது. பதறிப்போய் முகத்தைப் புதைத்து இழுத்தேன், தும்மல்தான் வந்தது. இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே குறைகிறது. நாளையோ மறுநாளோ எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மூடியை அதன் இடத்தில் வைக்கப் போகிறேன். கீழே அவர்கள் தோண்டுகிறார்கள், திறந்து கிடந்தால் சின்னவள் ஓடிவிடுவாள்.

வாசம் தெரியவில்லை என்றால் நான் உன்னை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, புள்ள. உள்ளேயேதான் கிடக்கிறேன்.