மருந்துக்கு ஐஸ் வைத்தவன்

ஏப்ரல் 27, 2003, ஞாயிறு

காசிமேடு வாழ் பெருமக்களே, மீன் வாங்க வந்திருக்கும் வெளியூர்க்காரர்களே, ஏலம் கூவுபவர்களே! ரகுபதி – பச்சையம்மா தம்பதியின் ஒரே மகனான வெற்றிக்கு இன்று காலை மீசை முளைத்துவிட்டது என்பதை மிகுந்த பொறுப்புடன் அறிவித்துக்கொள்கிறேன். வயது பதினைந்து. என் தோஸ்து ரஷீதுக்கு இன்னும் பூனைமுடிதான். வயிற்றெரிச்சலுக்கு அவன் தனியாக மருந்து வாங்கிக்கொள்ளட்டும்.

புருவம் இரண்டும் மூக்குக்கு மேலே கைகோத்துக்கொண்டதையும் காதில் முடி எட்டிப் பார்ப்பதையும் அறிவிப்பில் சேர்க்கவில்லை. அக்கா மோகனப்ரியா சேர்த்துவிட்டாள்.

“அது மீசை இல்லடா, மருந்து. இத்த குடிச்சா உடம்பெல்லாம் முடி மொளைக்கும்னு டாக்டரம்மா சொல்லல?”

பொறாமை.

ஏப்ரல் 29

ஜனவரியில் நைனாவின் சிறுநீரகம் ஒன்று எனக்குள் குடிவந்தது. என்னுடையவை இரண்டும் கடையை மூடிவிட்டன. டாக்டர் ஐரீன் சொன்னது இதுதான்: வந்திருப்பதை வெளியாள் என்று நினைத்து உடம்பு அடித்து விரட்டப் பார்க்கும். விரட்டாமல் இருக்கத்தான் மருந்து. ஆயுசுக்கும் குடிக்க வேண்டும், ஒரு வேளையும் விடக்கூடாது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் கரையில் வேற்றூர்ப் படகு ஒதுங்கினால் ஊர்ப் பெரியவர்கள் கல்லெடுப்பார்கள். ஆளுக்கொரு பாட்டில் வாங்கிக் கொடுத்துச் சாய்த்துவிட்டால் படகு பிழைக்கும். நான் குடிப்பது அந்தப் பாட்டில்.

இதை நைனாவிடம் விளக்கினேன். வலையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: “ஏண்டா, நான் உனுக்கு வேற ஊரா?”



மே 4

மருந்தின் பெயர் சைக்ளோஸ்போரின். பெயர் ஏதோ துரை மாதிரி. நாற்றம் மட்டும் நம்மூர், படகு டீசலில் விளக்கெண்ணெய் காய்ச்சியது போல. பாலில் கலந்தால் பாலும் நாறுகிறது. இன்று அக்னி நட்சத்திரம் வேறு தொடங்கிவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நாற்றம் இரட்டிப்பு.

யோசித்தேன். காசிமேட்டில் நாற்றத்துக்கு ஒரே வைத்தியம் ஐஸ். பாட்டிலைக் கவரில் சுற்றி அம்மாவின் மீன் பெட்டியில், நொறுக்கிய ஐஸுக்கு நடுவே புதைத்தேன். கேட்டுவிட்டுத்தான்.

“வெயில்ல வஞ்சரமே பத்து மணிக்கு கொழகொழன்னு ஆயிடுது. மருந்து மட்டும் இன்னா இரும்பா? வெச்சிக்கோ. பாறை மீனு மேல சாஞ்சிடப்போவுது” என்றாள் அம்மா.

மாலை நாற்றம் பாதியாகக் குறைந்திருந்தது! ஆட்களுக்கு ஐஸ் வைப்பவர்கள் இந்த ஊரில் நிறைய. மருந்துக்கே ஐஸ் வைத்த முதல் விஞ்ஞானி நான்.

மே 9

மருந்து கஞ்சி மாதிரி கெட்டியாகிவிட்டது. அளந்து குடிக்கச் சிரிஞ்சில் இழுத்தால் பாதி காற்று, பாதி கட்டி. சத்து கூடுகிறது என்று பொருள்.

“பாட்டிலோட வந்த காயிதத்த படிச்சியா நீ?” என்றாள் அக்கா.

“அந்த எழுத்து சைசு எறும்புக்கு. எறும்பு படிச்சிட்டு சொல்லட்டும்.”

மே 14

செருப்பு சின்னதாகிவிட்டது. வெயிலில் சுருங்கியிருக்கும்.

மே 16

சுருங்கியது செருப்பு இல்லை, வீங்கியது கால்.

பெரிய ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள். இருக்க வேண்டிய அளவில் பாதிகூட மருந்து ரத்தத்தில் இல்லையாம். கிரியாட்டினின் என்கிற கழிவு ஏறிவிட்டது. அதாவது, உள்ளே பெரியவர்கள் போதை தெளிந்து கல்லெடுத்துவிட்டார்கள்.

“முகத்துல முடி வருதுன்னு மருந்த நிறுத்திட்டியா வெற்றி? உன் வயசுப் பசங்க நெறைய பேர் செய்யறதுதான், உண்மையைச் சொல்லு” என்று கேட்டார் டாக்டர் ஐரீன்.

இந்த மீசைக்காகக் கடலையே குடிப்பேன். ஒரு வேளைகூட விடவில்லை என்று சத்தியம் செய்தேன். எங்கே வைக்கிறீர்கள் என்றார். அம்மா முந்திக்கொண்டாள்.

“நான்தான் டாக்டரம்மா மீன் பொட்டியில வெச்சேன். கெட்டுப்பூடும்னு.”

எண்ணெய் மருந்தாம். குளிர்ந்தால் உறைந்துவிடும், சிரிஞ்சில் அளவு சரியாக வராது. டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “அவங்கப்பா குடுத்தது போயிடும்மா” என்று மட்டும் சொன்னார்.

விஞ்ஞானி அப்போது சுவரிலிருந்த நாட்காட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

மே 17

படுக்கை. கையில் ஊசி, ஊசியில் டிரிப். என் கண் கலங்கத் தூசிகூட விழவில்லை. வார்டே என் தைரியத்தைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தது.

நைனா சட்டையைத் தூக்கித் தழும்பைத் தடவிக்கொண்டே டாக்டரிடம் கேட்டார்: “இது போச்சின்னா இன்னொண்ணு கீதே, அத்த எடுத்துக்கலாமா?”

“அப்புறம் நீங்க?”

“நான் எப்டியோ பாத்துக்கறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நர்ஸ் சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை.

மே 20

கால் வீக்கம் வற்றுகிறது. மூத்திரத்தை அளந்து பார்த்து அக்கா கைதட்டினாள். நல்ல குடும்பம்.

மே 31, சனி

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை முடிந்து நேற்றே போட்டெல்லாம் கடலுக்குப் போயாச்சு. நைனா மட்டும் போகவில்லை. என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

கிரியாட்டினின் இறங்கிவிட்டது. சிறுநீரகம் தப்பித்தது. கொஞ்சம் அடிபட்டிருக்கலாம், போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். பிறகு அம்மாவைப் பார்த்து, “இனிமே ஐஸ் பெட்டி பக்கமே கொண்டு போகாதீங்கம்மா” என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்களெல்லாம் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தலையை ஆட்டினாள்.

அப்போது என் வாய், என்னைக் கேட்காமலே, “ஐடியா என்னுது டாக்டர்” என்றது.

“சொம்மா இருடா” என்றாள் அம்மா.

“எனுக்கு அன்னிக்கே தெரியும். மீனுக்கு ரெண்டாவது தபா ஐஸ் போடவே யோசிக்கிறவ, மருந்துக்கா தானா போடுவா?” என்றார் நைனா.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். 17ஆம் தேதி எழுதியது பொய். போர்வைக்குள் அழுதேன். சத்தமே வராமல் அழுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நைனாவின் கை, வெளியிலிருந்து, போர்வையோடு சேர்த்து என்னைத் தட்டிக்கொண்டே இருந்தது.