சோப்ரானோ வரிசையில் ஒரு நாற்காலி

சிகாகோ, ஆகஸ்ட் 9, 1984

வெர்னெட்டாவுக்கு,

என் பதினோரு கடிதங்களும் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. முகவரியை நான் தவறாக எழுதுவதில்லை. உன் அப்பாவின் அடக்கத்துக்கு நீ வராததைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை.

நற்செய்தி இசை மாநாட்டுக்கு இம்முறை நாற்பது பாடகர் குழுக்கள் வந்திருந்தன. வழக்கம்போல் உச்சக்குரல் பெண்கள் உட்காரும் சோப்ரானோ முதல் வரிசையில் உன் நாற்காலியில் என் கைப்பையை வைத்திருந்தேன். ஒத்திகை நடத்தும் பிரதர் லூஷியஸ் வந்து, சபையின் மூத்தவளுக்குரிய மரியாதையோடு குனிந்தார்.

"மதர், பதினோரு வருஷமா அந்தப் பைதான் சோப்ரானோ பாடுது. இன்னும் ஒரு வரிகூட மனப்பாடம் ஆகல போல. பிள்ளைங்க நின்னுக்கிட்டிருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பையை எடுத்துக்கொண்டேன்.

மெம்ஃபிஸிலிருந்து வந்த ஒரு பெண் அங்கே உட்கார்ந்தாள். தனிப்பாடலும் அவளுக்கே. இசைத்தாளில் இருந்த சுரத்தை விட்டுவிட்டு, நீ அன்று போன உச்சத்துக்கே போனாள். "பாடு கண்ணு, விடாதே!" என்று அரங்கமே எழுந்தது.

பரிசுத்த ஆவி நிறைந்து பாடுகிறவரை நிறுத்தக் கூடாது என்பது நம் சபையில் குழந்தைக்கும் தெரியும். நான் கன்னியர் பள்ளியில் தாளைப் பார்த்துப் பாடக் கற்றவள். பதினோரு வருஷத்துக்கு முன் இதே மாநாட்டில், குழுவை நடத்திய நான் நாலாயிரம் பேர் முன்னால் கையுயர்த்தி உன்னை நிறுத்தினேன். நீ பாடகர் அங்கியோடு வெளியே போனாய், திரும்பி வரவில்லை.

"என்ன மதர், இவள நிறுத்தலையா?" என்றாள் பக்கத்திலிருந்தவள். என் கை மடியிலேயே இருந்தது.

அன்று நீ பாடிய அந்தச் சுரம் சரியாகத்தான் இருந்தது. இந்த உறையும் திரும்பி வரும், மற்றவற்றோடு வைத்துக்கொள்வேன்.

உன் தாய்