அம்புக்குறி போட்ட பலகை

6 ஜூன் 1966

இன்றும் செஞ்சிக் கோட்டைக் குரங்குகள் என் இட்லிப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டன. கல்யாண மகாலுக்குப் பின்னால், பட்டப்பகலில். இந்தத் தாலுகாவிலேயே குரங்கினத்தைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று அவற்றுக்கு யார் சொல்வது? சொன்னாலும் சட்னி எங்கே என்றுதான் கேட்கும்.

பசியோடு திரும்பினால் தனகோட்டி செட்டியார் பிடித்துக்கொண்டார். நாங்கள் குடியிருக்கும் வீடு அவருடையது. பஜாரில் மளிகைக் கடையும், மல்லாட்டை என்று இங்கே சொல்கிற நிலக்கடலைக்கு ஒரு மண்டியும் வேறு. "கொரங்கத் தொரத்துறதுக்கு ஆளு வெச்சா ஞாயம். காப்பாத்துறதுக்கு எதுக்கு சார் ஒரு ஆளு?" என்றார். நான் வந்தது கோட்டைக் குரங்குக்காக இல்லை, தேவாங்குக்காக. அது குரங்குக்குத் தூரத்து உறவு, பூனைக்குட்டி அளவுதான் இருக்கும், இருட்டிய பிறகே வெளியே வரும், வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறது, அதனால் மதராஸில் அரிய விலங்கு காப்புச் சங்கம் என்று ஒன்று என்னை இங்கே அனுப்பியிருக்கிறது என்று நிதானமாக விளக்கினேன். உன்னிப்பாகக் கேட்டார். கேட்டு முடித்து, "அப்ப ஒண்ணு புடிச்சாந்து குடு சார். கடை வாசல்ல கட்டுனா கண்ணு படாது" என்றார்.

11 ஜூன்

இருக்கிறது. இருக்கிறது.

நாலு மாதம் சைக்கிள் மிதித்ததற்கு இன்றுதான் கூலி. அனந்தபுரம் போகும் வழியில் பிரிகிற வண்டிப்பாதையில் எருக்கங்குன்று. முள்ளும் காரையும் கள்ளியும் அடைந்து கிடப்பதால் ஆடு மேய்ப்பவர்கள்கூட உள்ளே போவதில்லை. பொழுது சாய்ந்ததும் டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றி அடித்தேன். வேலமரத்தில் இரண்டு கண்கள், நெருப்புத் துண்டு மாதிரி. பிறகு இன்னும் இரண்டு. கிளையை ஒவ்வொரு கையாகப் பிடித்து, அவசரமே இல்லாமல், தாலுகா ஆபீஸில் மனு நகர்கிற வேகத்தில் நகர்ந்தது. கத்த வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டேன். கத்தினால் ஓடிவிடும் — எங்கே ஓடும்? அதற்கு ஓடத் தெரியாது. வெளிச்சம் பட்டால் அப்படியே உறைந்து நிற்கும். அதுதான் அதன் கஷ்டமே.

மனைவி ராஜாம்பாளிடம் சொன்னேன். "சந்தோஷம். அப்ப வேலை பர்மனெண்ட் ஆயிடுமா?" என்றாள். பெண்ணை இப்போதுதான் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம், கேட்கத்தானே செய்வாள். ஆகும் என்றேன்.

18 ஜூன்

அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று போனேன். கூட்டத்தில் ஒரு செருப்பு போயிற்று.

தாயத்து விற்கிற பச்சமுத்துவைப் பார்த்தேன். கூடையில் ஒரே ஒரு தேவாங்கு, வெயிலுக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பந்தாகச் சுருண்டு. விலாப் பக்கம் முடியே இல்லை. பிடுங்கிப் பிடுங்கித் தாயத்தில் அடைத்திருக்கிறான். குழந்தைக்குக் கட்டினால் பயம் தெளியுமாம். என்னிடம் அவனைத் தடுக்கச் சட்டம் எதுவும் கிடையாது, சங்கத்து அட்டை மட்டும் உண்டு. அதைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "போட்டோல மொகம் ரொம்ப மெரண்டாப்ல இருக்குது சார். நீங்களே ஒண்ணு கட்டிக்குங்க" என்றான்.

பிறகு குறைப்பட்டுக்கொண்டான். "இந்தப் பக்கம் இது கெடைக்கிறதே இல்ல சார். சித்தூர்லேர்ந்து வரவைக்கிறேன், கட்டுப்படி ஆவல." எருக்கங்குன்றை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

29 ஜூன்

சங்கச் செயலாளரிடமிருந்து பாராட்டு. தேவாங்கு கிடைத்தது பற்றிக் கமிட்டிக்கு மட்டற்ற மகிழ்ச்சியாம். உடனே பாதுகாப்பு நடவடிக்கை எடுக்க வேண்டுமாம். அதாவது, பலகை வைக்க வேண்டும். வாசகமும் அவரே எழுதி அனுப்பியிருக்கிறார்: "அரிய விலங்காகிய தேவாங்கு வாழும் காடு இதுவே. மாலை ஏழு மணிக்கு மேல் வெளிவரும். அதைப் பிடிக்காதீர்." கீழே அம்புக்குறி, பொதுமக்களுக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று.

நன்றாகத்தான் இருக்கிறது.

9 ஜூலை

பலகை நட்டாயிற்று. பெயிண்ட் செட்டியார் தயவு, ஆகவே தேவாங்கைவிடப் பெரிய எழுத்தில் "உபயம்: தனகோட்டி செட்டியார் மளிகை, செஞ்சி" என்று இருக்கிறது. பெயிண்டர் தேவாங்கைப் பார்த்ததில்லை. மூக்குக் கண்ணாடி போட்ட பூனைக்குட்டி வரைந்திருக்கிறார். போட்டோ எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினேன். பலகைக்குப் பக்கத்தில் நானும் நிற்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு. பெருமையாக இருந்ததை மறைப்பானேன்.

18 ஜூலை

மறுபடியும் அமாவாசை. மேல்மலையனூர்.

பச்சமுத்துவின் முன்னால் ஐந்து கூடை.

என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். "எல்லாம் உங்க புண்ணியம் சார். பக்கத்துலயே இருந்திருக்குது, நமக்குத்தான் தெரியல. இன்னா எடம்னு போட்டு, எத்தினி மணிக்கு வரும்னு போட்டு, படிக்கத் தெரியாதவனுக்கு அம்பு வேற போட்டு வெச்சிருக்கீங்க. கவர்மெண்ட்டுல இந்த மாதிரி யாரு செய்வா?" இனாமாக ஒரு தாயத்து கொடுத்தான்.

பி.எஸ்ஸி. படிச்சவன்டா நீ. விலங்கியல். திருடனுக்கு வழி எழுதி நட்டுட்டு, பக்கத்துல கையக் கட்டிக்கினு போட்டோ வேற எடுத்துக்கினே. தூ.

கெஞ்சினேன். குட்டியாக இருந்த இரண்டை மட்டும், "முடி இன்னும் வரல, எடுத்துக்கினு போங்க" என்று கொடுத்தான். மற்ற மூன்றும் ஏற்கெனவே கைமாறியிருந்தன. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒன்று என் கட்டைவிரலைப் பிடித்தது, திண்டிவனம் ரோடு பிரிகிற வரைக்கும் விடவில்லை. பாவிப் பயல்களா — என்னையும் சேர்த்துத்தான்.

19 ஜூலை

இரண்டையும் குன்றில் விட்டேன். பலகையை எடுக்க அனுமதி கேட்டுச் சங்கத்துக்கு எழுதினேன்: பலகை பார்த்துத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று.

4 ஆகஸ்ட்

செயலாளரின் பதில். "தங்கள் கடிதத்திலிருந்து ஒரு பலகை போதவில்லை என்று தெரிகிறது. மேலும் நான்கு பலகைகள் லாரியில் வருகின்றன."

5 ஆகஸ்ட்

சாப்பிடவில்லை. ராஜாம்பாள் உடம்புக்கு என்ன என்றாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

13 ஆகஸ்ட்

பலகைகள் வந்தன. நாலும் சுத்தமான தேக்கு. அவ்வளவு பணம் என்னிடம் கொடுத்திருந்தால் குன்றுக்கு ஒரு காவல்காரன் போட்டிருப்பேன்.

வண்டியில் ஏற்றினேன். வண்டிக்காரர் தாண்டவராயன், "எருக்கங்குன்றுதானே?" என்றார். வாய் திறந்து ஆமாம் சொல்லப் போனவன், "இல்லைங்க, மொட்டைக்குன்று" என்றேன். எனக்கே திக்கென்றது. மொட்டைக்குன்று ஊருக்கு மறுபக்கம்; வெறும் பாறை, ஓணான் உட்காரவும் நிழல் கிடையாது. நாலையும் அங்கே நட்டோம். பிறகு எருக்கங்குன்றுக்கும் போய் அங்கிருந்த பலகையையும் பிடுங்கி வந்து ஐந்தாவதாக நட்டேன். அம்புக்குறி பாறையைக் காட்டுகிறது.

சங்கம் சொன்னபடி பலகை வைத்துவிட்டேன். எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை.

16 செப்டம்பர்

பச்சமுத்துவும் இரண்டு பேரும் அமாவாசைக்கு முன்னால் நாலு நாள் மொட்டைக்குன்றில் கிடந்திருக்கிறார்கள். ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டது. இன்று நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். "எருக்கங்குன்றுல தீந்துபோச்சு, அதான் போர்ட இங்க மாத்திட்டீங்கன்னு நம்பி வந்தோம். அஞ்சு போர்டு போட்டிருக்குது, ஒரு வாலு கூட இல்ல. இன்னா சார் இது, ஜனங்கள ஏமாத்துறீங்களே?" தேவாங்குக்கு வால் கிடையாது என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

23 செப்டம்பர்

கேட்டால் சிரிப்பார்கள். பச்சமுத்து என்மேல் மதராஸுக்குப் புகார் அனுப்பியிருக்கிறான்: பலகை வைத்த இடத்தில் தேவாங்கு இல்லை, ஏழைத் தொழிலாளி நஷ்டப்பட்டான், விசாரிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தது செட்டியார். "பொய் போர்டுல என் பேரு இருக்குது சார். கடைக்கு வர்றவன்லாம் சிரிக்கிறான். யாவாரத்துக்கு ஆவுமா?" என்று என்னிடமே வந்து சொன்னார்.

சங்கம் அந்தப் புகாரை மிகவும் முக்கியமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. என் கடிதத்துக்குப் பதினைந்து நாள். பச்சமுத்து கடிதத்துக்கு நாலாம் நாளே பதில். நேரில் வருகிறார்களாம்.

14 நவம்பர்

செயலாளர் காரில் வந்தார், குடும்பத்தோடு. முதலில் ராஜகிரிக் கோட்டை. பிறகு புளியோதரை. குரங்குகள் அவருடைய மூக்குக் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது, "இந்தச் சனியன்களை யாராவது சுட்டுத் தள்ளக் கூடாதா?" என்றார். சங்கத்தின் பெயர் எனக்கு ஒரு கணம் மறந்தே போயிற்று.

மூன்று மணிக்கு மொட்டைக்குன்று. ஐந்து பலகையையும் பார்த்தார், ரொம்பத் திருப்தி. பாறையைப் பார்த்தார்.

"எங்கே மிஸ்டர் சிங்காரவேலு?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே பேசினார். வேறு எங்காவது இருந்தாலும் பரவாயில்லையாம். இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும். அங்கே முள்ளை வெட்டிப் பாதை போட்டு, மெம்பர்கள் உட்கார்ந்து பார்க்க ஒரு ஷெட், கரெண்ட் விளக்கு. ஆண்டு விழாவுக்கு இரண்டு ஜோடி மதராஸுக்கு, கூண்டில். பெட்டியைத் திறந்து என் நிரந்தர உத்தரவை எடுத்துக் காட்டினார். என் பெயர் டைப் அடித்திருந்தது. கையெழுத்துதான் பாக்கி. பேனா மூடியையும் கழற்றிவிட்டார்.

எருக்கங்குன்று அங்கிருந்து தெரியும். தலையைத் திருப்பினால் போதும்.

பெண்ணின் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. பர்மனெண்ட் ஆயிடுமா என்று ராஜாம்பாள் கேட்டது ஞாபகம் வந்தது. பாதை போட்டு, விளக்குப் போட்டு — விளக்கைக் கண்டால் உறைந்து நிற்குமே அது.

"இல்லை சார்."

"இல்லையென்றால்?"

"இருந்தது. இப்போது இந்தப் பக்கமே கிடையாது. அழிந்துவிட்டது."

"ஐந்து பலகை வைத்துமா?" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். பேனாவை மூடினார்.

15 நவம்பர்

ராஜாம்பாளிடம் சொன்னேன், எல்லாவற்றையும். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "பொய்யா சொன்னீங்க? நீங்களா?" என்றாள். களைந்த அரிசியை உலையில் போட்டுவிட்டு, "எத்தினி நாளைக்குத் தாங்கும் இது? உங்க வாயி சும்மா இருக்காதே" என்றாள். சாயங்காலம் புடவை மாற்றிக்கொண்டு செட்டியார் வீட்டுக்குப் போய் எனக்கு வேலை கேட்டுவிட்டு வந்தாள். வந்து அழுதாள். நானும்தான்.

12 டிசம்பர்

வேலை நீக்க உத்தரவோடு ஒரு அழைப்பிதழும் வந்திருக்கிறது. செஞ்சி வட்டாரத்தில் அழிந்துபோன தேவாங்குக்கு மதராஸில் இரங்கல் கூட்டம். இரண்டு நிமிட மௌனம், பிறகு சிற்றுண்டி. பேப்பரிலும் செய்தி போட்டிருக்கிறார்கள்.

பச்சமுத்து பிழைக்கத் தெரிந்தவன். இன்று அமாவாசையில் "கடைசித் தேவாங்கு முடி" என்று கூவி விற்கிறானாம். வெள்ளாட்டு முடி. இரட்டை விலை. காட்டுப் பக்கமே யாரும் போவதில்லை.

21 ஜனவரி 1967

மண்டியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. மூட்டை எடை பார்க்கிற வேலை. சட்டையெல்லாம் மல்லாட்டைத் தோல். கூலி ஆட்கள் எனக்கு வைத்திருக்கிற பேர் "இல்லாததுக்குச் சம்பளம் வாங்கினவரு". முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை, எனக்குக் கேட்கிற தூரத்தில் சொல்வார்கள். வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

நேற்றுப் பொழுது சாய எருக்கங்குன்று. டார்ச் கொண்டுபோகவில்லை, நிலா போதும். கள்ளிக்குப் பக்கத்து மரத்தில் தாய் ஒன்று, வயிற்றில் இரண்டு குட்டி. கிட்டே போகவில்லை. பாறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். ராஜாம்பாளிடம் மட்டும் சொன்னேன். குட்டி எவ்வளவு பெரிசு என்று கேட்டாள், கையால் காட்டினேன்.

இன்று எடை போட்டு முடிந்து டீ வந்தது. செட்டியார் நல்ல மனநிலையில் இருந்தார். ஆட்கள் சுற்றி நிற்க, "நெஜத்த சொல்லு சார், நான் யாரு கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். "இத்தினி மாசம் காடு காடா சுத்துனியே, ஒரே ஒரு தேவாங்காவது கண்ணால பாத்தியா நீ?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"இல்லைங்க செட்டியார்" என்றேன். சிரித்தார்கள். அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னேன்.