இந்த வருடம் தட்டு போகவில்லை

என்றைக்கும் என் பக்கத்திலேயே இருக்கிற உங்களுக்கு,

"ஏனுங்க" என்று வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் தோப்புக்குள் எந்த மூலையில் இருந்தாலும் "வாரேன் வாரேன்" என்று பதில் வரும். மாசியில் நீங்கள் போனதிலிருந்து நான் அப்படிக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பி கன்று போட்டிருக்கிறாள், கிடாரி. பிழைக்காது என்று நீங்கள் கைவிட்ட அந்த வடக்கு மூலைத் தென்னம்பிள்ளை புதுக் குருத்து விட்டிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் பரவாயில்லை. நல்ல சேதி இவ்வளவுதான். இனி எழுதப்போவது எல்லாம் என் பயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கோகிலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு திறந்த அன்று அவளுக்குப் புதுத் தாவணி கட்டி, பூ வைத்து, நான்தான் கிணத்துக்கடவு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மத்தியானத்துக்கு முன்னாலேயே தனியாகத் திரும்பி வந்தாள். பஸ் நின்ற இடத்திலிருந்து ரோட்டோரமாகக் காலால் தடவித் தடவி நடந்து வந்திருக்கிறாள். லாரி போகிற ரோடு அது. பார்வை மங்கலான பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டார்களே என்று அவள் கைகாலைத் தடவிப் பார்த்தேன். அவளுக்கு அந்தக் கவலையே இல்லை.

"எல்லார் பேரையும் கூப்புட்டாங்கம்மா. எம் பேர மட்டும் கூப்புடல. நீ ஊட்டுக்குப் போ, அம்மாவ வரச் சொல்லுன்னு டீச்சர் சொல்லிப்போட்டாங்க," என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். தலைமை ஆசிரியர் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. செயலாளர் ஐயாவப் பாருங்க," என்றார். செயலாளர் என்றால் வேறு யார்? உங்கள் பெரியப்பா மகன், நம் பெரிய வீட்டு அண்ணன்தானே. நமக்கு வேண்டியவர், நீங்கள் போனபோது சுடுகாடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தவர். அப்பாடா என்று இருந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் உட்காரச் சொன்னார். அவர் வீட்டு அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். கோகிலா வெளியே போர்டிகோவில் கார் பக்கத்தில் நின்றாள். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அம்மணி, அவன் இருந்த வரைக்கும் வைகாசி பொறந்தா வெத்தல பாக்குத் தட்டோட வந்து நிப்பான். 'அண்ணா, இந்த ஒரு வருசம் புள்ளய உக்கார வெச்சுக்குங்க'ம்பான். நானும் ஹெட்மாஸ்டருகிட்டச் சொல்லிப்போடுவேன். இந்த வருசம் ஆரும் வரல. செரி, புள்ளய நிறுத்திப்போட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டோம்."

வருடா வருடம் அந்தத் தட்டை எடுத்து வைத்தது நான்தான். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, பூவன்பழம் ஒரு சீப்பு, குடுமியோடு ரெண்டு தேங்காய். பங்காளி வீட்டு மரியாதை என்று நினைத்துத்தான் எடுத்து வைத்தேன். அந்தத் தட்டின் மேல் நம் பெண்ணின் படிப்பை வைத்துத் தூக்கிக்கொண்டு போனீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தேங்காய் வியாபாரியிடம் ஒரு சொல் தாழ்ந்து பேசமாட்டீர்களே. அங்கே போய் எப்படி நின்றீர்கள்? ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

சொல்லியிருந்தாலும் இந்த வருடம் தட்டு போயிருக்காது. தாலி இறங்கிய வீட்டிலிருந்து தட்டு எடுக்க ஊர் விடுமா?

"இப்ப வந்துட்டனுங்களே. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க," என்றேன்.

"பத்தாவது அப்பிடி இல்ல அம்மணி. நம்ம பள்ளிக்கூடம் நூத்துக்கு நூறு வாங்கிட்டிருக்குது. நாளைக்கு இவளால ஒண்ணு கொறஞ்சு போச்சுன்னா, ஊரு இவளத்தான் பேசும். அது நமக்குத்தான அசிங்கம்? டீசி வாங்கிக்க. கோயமுத்தூர்ல கண்ணு தெரியாத புள்ளைகளுக்குன்னு எடம் இருக்குது, நானே சொல்லிச் சேத்தியுடறேன். இல்லாட்டி ஊட்டுலயே இருக்கட்டும். நல்ல எடமாப் பாத்து நானே முன்ன நின்னு கட்டிக்குடுக்கறேன்."

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நம் பிள்ளைக்கு நல்லது செய்கிற முகத்தோடு சொன்னார். அந்த முகத்தை எதிர்த்து எப்படிப் பேசுவது? மோரைக் குடித்துவிட்டு, "செரிங்க, யோசிச்சுச் சொல்றனுங்க," என்று எழுந்து வந்துவிட்டேன்.

உங்கள் மகளின் காது எப்படிப்பட்ட காது என்று உங்களுக்குத் தெரியும். போர்டிகோவில் நின்றே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஏம்மா, அப்பா போயிக் கேட்டதுனாலதான் என்னைய ஒவ்வொரு வருசமும் மேல போட்டாங்களா? அப்ப நான் பாஸ் பண்ணவே இல்லியா?"

"நீ நல்லாப் படிச்ச கண்ணு, அதான் போட்டாங்க," என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏனென்றால் எனக்கே தெரியவில்லை! புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்து, லென்ஸை வரிவரியாக நகர்த்தி, கழுத்து வலிக்க வலிக்கப் படித்தவள். கரும்பலகையில் எழுதுவதைப் பக்கத்துப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டவள். அந்த மார்க் எல்லாம் அவளுடையதா, உங்கள் தட்டுடையதா? இனி அதை யாரிடம் போய்க் கேட்பேன்? நல்லது செய்வதாக நினைத்து என்ன வேலை செய்துவிட்டுப் போனீர்கள் பாருங்கள். உங்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அவள் அழவில்லை என்பதால் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. கிணற்றுப் பக்கம் போனால் பின்னாலேயே போனேன்.

கண் ஆஸ்பத்திரியில் காட்டுகிற தவணை வந்தது. கோயமுத்தூர் உக்கடத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்துக் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா, "லென்ஸ் எங்க கண்ணு?" என்று கேட்டதும், "இனி அது வேண்டாமுங்க டாக்டர், நான் படிக்கறதில்லீங்க," என்றாள் உங்கள் மகள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அம்மா, நீங்க தயவு கேக்க வேண்டியதே இல்லீங்க. புதுசா சட்டம் வந்திருக்குது. இந்த மாதிரிப் புள்ளைகளுக்குப் பதினெட்டு வயசு வரைக்கும் இலவசமாப் படிப்புக் குடுக்கறது சர்க்காரோட கடமை. மத்த புள்ளைகளோட சேத்தே படிக்க வெக்கத்தான் அதுல சொல்லியிருக்குது. பார்வை கொறஞ்ச புள்ளைக்குப் பரீட்சைல எழுத ஆள் வேணும்னா, பள்ளிக்கூடம்தான் ஏற்பாடு பண்ணோணும். உங்க பள்ளிக்கூடம் சர்க்கார் பணத்துல நடக்கறதுதானுங்களே?"

"அப்ப நாளைக்கே சேத்துக்குவாங்களாங்க?" என்றேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "தானா ஆரும் செய்யமாட்டாங்கம்மா. எழுதிக் கேக்கோணும். கல்வி அதிகாரிக்கும் ஒண்ணு அனுப்போணும். உங்க பக்கத்துல இதுவரைக்கும் ஆரும் கேட்டு நான் பாக்கல."

யாரும் கேட்காததை நான் முதலில் கேட்பதா? சட்டம் என்றாலே நமக்கு வரப்புத் தகராறும் கோர்ட்டு வாசலும்தானே ஞாபகம் வரும்? அண்ணன் மேல் எழுதிக் கொடுத்தேன் என்று ஊருக்குத் தெரிந்தால், நாளைக்கு நல்லது கெட்டதுக்கு யார் நம் வாசல் மிதிப்பார்கள்? கிணறு அவரோடு கூட்டு. மோட்டார் ரூம் சாவி அவர் பண்ணையத்து ஆளிடம். நம் முறை வரும்போது கரண்ட் இல்லை, ஃப்யூஸ் போய்விட்டது என்று சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? தென்னம்பிள்ளை காய்ந்தாலும் போகட்டும். சேர்த்துக்கொண்டபின் வகுப்பில் அவளை ஒதுக்கி வைத்து வாட்டினால்? இதையெல்லாம் நினைத்தால் சோறு இறங்கவில்லை. பேசாமல் டீசி வாங்கிவிடலாம் என்று முடிவுகூடச் செய்துவிட்டேன்.

அதை அவளிடம் சொன்னேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அம்மா, பத்தாவது பேப்பரு நம்ம பள்ளிக்கூடத்துல திருத்தமாட்டாங்கதான?"

"இல்ல கண்ணு. வேற எங்கியோ கொண்டு போவாங்க."

"திருத்தறவங்களுக்கு அப்பாவத் தெரியாதுல்ல?"

தெரியாது என்றேன்.

"அப்ப நான் அத எழுதோணும்மா. பெயிலானாலும் செரி. அது எம் மார்க்குன்னு எனக்குத் தெரியோணும்."

தவிட்டுக் கையோடு இருந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீங்கள் போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

பீரோவைத் திறந்து லென்ஸை அவளே எடுத்தாள். மனுவை அவளே எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுக்கு, கோடு தாண்டித் தாண்டிப் போகிறது. அழகாக எழுதத் தெரிந்தவரிடம் கொடுக்கலாமே என்றேன். "வேண்டாம், என் கண்ணு எப்பிடின்னு அவங்களும் பாக்கட்டும்," என்றாள். தைரியம் உங்களைக் கொண்டதா என்று யோசித்தேன். நீங்கள் தட்டோடு நின்றது ஞாபகம் வந்தது. உங்களைக் கொண்டது இல்லை, என்னைக் கொண்டதும் இல்லை. இவளுக்கு எங்கிருந்து வந்ததோ!

திங்கட்கிழமை காலையில் முதல் மணி அடிப்பதற்குள் நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருப்போம். இந்த முறை அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை, நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்கு. அங்கே சேர்க்கவில்லை என்றால் அடுத்த பஸ்ஸில் கல்வி அதிகாரியிடம் போவோம். அண்ணன் மேல் எனக்குப் பகை இல்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போவேன், அழைத்தால்.

பெரிய மனிதர்கள் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். இந்த ஒன்றில் மட்டும் உங்கள் பேச்சை மீறுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பழம் இல்லை, வெற்றிலை இல்லை. ஒரு கையில் அவள் எழுதிய மனு, இன்னொரு கையில் அவள் கை. அவள் பெயரை வகுப்பில் கூப்பிடுவதை என் காதால் கேட்கிற வரைக்கும் எந்த வாசலானாலும் போய் நிற்பேன். பயமாக இருக்கும். பயந்துகொண்டே நிற்பேன். இது உங்கள் மேல் ஆணையாக நான் தருகிற வாக்கு.

இத்தனை வருடம் தட்டு எடுத்து வைத்தவள்,
உங்கள் கோகிலாவின் அம்மா,
சரசு