ஆறரை மணித் தூசி

மார்ச் 3, செவ்வாய்
மைதா பதினேழு மூட்டை போயிற்று. மாடியில் என் மனைவிக்கு இன்றும் இருமல், இழுப்பு. தூசியிலிருந்து விலகி இருக்க வேண்டுமாம், டாக்டர் சொல்கிறார். பஸ் போகும் சாலையில் கடையும் வீடும். எங்கே விலக? வேறு வீடு பார்க்கலாம் என்றேன். "நீங்க போங்க. நான் இந்த வீட்டை விட்டு வரல."

மார்ச் 5, வியாழன்
சின்ன மகள் சோப்புப் பெட்டி அளவில் ஒன்றைக் கொண்டுவந்து படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே மாட்டினாள். காற்றிலுள்ள தூசியை அளந்து போனில் காட்டுமாம். விலையோ ஒரு ஜோடி செருப்பு விலை. இது அளக்குமா?

மார்ச் 7, சனி
நேற்றும் இன்றும் காலை ஆறரைக்கு எண் எகிறியது. முதல் பஸ் வரும் நேரம். பஸ்தான். சந்தேகமே இல்லை. தரகரிடம் வீடு பார்க்கச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்
தராசில் சந்தேகம் வந்தால் அதே மூட்டையை இன்னொரு தராசில் வைப்பேன். அதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கிப் பக்கத்திலேயே மாட்டினேன். மகள் சிரித்தாள். "ஆபீஸ்ல நாங்களும் இப்படித்தான் சரிபார்ப்போம்பா. அதுக்கு எங்களுக்குச் சம்பளம் தர்றாங்க." இரண்டும் ஏறக்குறைய ஒரே எண். ஆக, பொய் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன்
ஒன்றைச் சாலைப் பக்கம் மாற்றினேன். ஆறரைக்கு அங்கே பெரிய ஏற்றமில்லை. எகிறியது படுக்கையறைப் பெட்டிதான். அது பின்பக்கம். பின்பக்கத்தில் ஏது பஸ்?
அந்த நேரத்தில் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே நிற்பவன் நான். காலி மைதாச் சாக்குகளை உதறிக்கொண்டு.

மார்ச் 13, வெள்ளி
மனைவியிடம் சொல்லிவிட்டேன். சாக்கு உதறி விற்றுத்தான் இந்தக் கடையே வந்தது. ஒரு பிடி மாவைக்கூட வீணாக்க மாட்டேன் என்று பெருமை வேறு! "இத்தனை வருஷமா அதை உன் மேலதானடி கொட்டியிருக்கேன்."
அவளுக்குக் கோபமே வரவில்லை. "அந்தச் சத்தம் கேட்டா நீங்க கீழ இருக்கீங்கன்னு ஒரு தைரியம். அதுக்குத்தான் ஜன்னலையே திறந்து வெப்பேன்."
என்ன செய்ய இவளை?

மார்ச் 14, சனி
சாக்குகளை உதறாமல் அப்படியே கட்டிக் கொடுத்தேன். சாக்கு வியாபாரி மிரண்டுபோனான். "அண்ணே, உடம்புக்கு ஏதாவதா?"

ஏப்ரல் 6, திங்கள்
தரகரிடம் வீடு வேண்டாம் என்றேன். மருந்து தொடர்கிறது, அளவைப் பாதியாக்கியிருக்கிறார் டாக்டர்.
அடுப்புக்கு மேலே ஒரு பெட்டி மாட்டினேன். பார்த்துவிட்டாள். "என்னைக் கேக்காமலா? இனிமே என் தாளிப்பையும் அளப்பீங்களோ? உங்களைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து..." அங்கே தொடங்கி, என் அக்கா, என் குறட்டை, நான் துண்டு போடும் இடம் வரைக்கும் வந்தாள். முழுசாகப் பத்து நிமிடம். நடுவில் ஒரு இருமல் இல்லை.
நான் குறுக்கே பேசவேயில்லை.