ரஸலின் நிலக்கரி வண்டி

என் அன்பானவளே,

நீ கேட்டிருந்த நிலக்கரி வண்டியை எடுக்க அலமாரியைத் திறந்தேன். உதிரிபாகப் பெட்டி வாங்கி நம் மகன் ரஸல் சிறுவயதில் தானே ஒட்டிய முதல் மாதிரி ரயில் வண்டி. அதன் பக்கச் சுவர்கள் வெடித்துப் பிளந்திருந்தன.

நான் கீழே போட்டுவிட்டேன் என்று நினைக்காதே. தடம் புரளாமல் ஓட வேண்டுமென்று எடைக்காக உள்ளே ஈயக் குண்டுகளைக் கொட்டி வெள்ளைப் பசையால் ஒட்டியிருக்கிறான். மாதிரி ரயில் கிளப்பில் நெவிலிடம் காட்டினேன்.

"அடடா, ஈயத்துக்கு வெள்ளைப் பசை ஆகவே ஆகாதுப்பா. உள்ளுக்குள்ளயே உப்பிக்கிட்டே வரும். வருஷக்கணக்கா வெளியில ஒண்ணும் தெரியாது. ஒருநாள் டப்புனு வெடிச்சிரும்."

சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டான். ரஸலை அடக்கம் செய்ததிலிருந்து எல்லோரும் இப்படித்தான். அவன் ஏன் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான் என்று ஒருவரும் கேட்பதில்லை.

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று கத்திவிட்டு உன் தங்கை வீட்டுக்குப் போனாய். ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேஜையில் நீயும்தான் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று உன்னிடமும்தான் சொன்னான்.

ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் சுவர் ஒட்டினால் போதும் என்கிறான் நெவில். கத்தியை எடுத்தேன். காய்ந்த பசையில் ரஸலின் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. சின்ன விரல்.

பிளந்தபடியே அனுப்புகிறேன். சுற்றிலும் பஞ்சு வைத்திருக்கிறேன். நீ தனியாக இருக்கும்போது பிரிக்காதே. உன் தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

இன்னமும்,
உன் கணவன்