தானாகச் சுழன்ற ரூட்டர்

2008 ஆகஸ்ட், வியாழன்

பிளைவுட்டில் நானே செய்த, கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகை வெட்டும் சி.என்.சி. ரூட்டர் இன்று முதல்முறையாக டீ-ஷர்ட் துணி வெட்ட வைக்கும் அளவு அச்சான பேட்டர்ன் ஒன்றை ஹார்ட்போர்டில் வெட்டிக்கொண்டிருந்தது. பாதியில் கரண்ட் போய்விட்டது. எங்கள் வீரபாண்டியில் போனால் சீக்கிரம் வராது என்ற நினைப்பில் நான் சுவிட்சை அணைக்கவில்லை. பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வருவதற்குள் கூட்டிவிடலாம் என்று என் மனைவி சாந்தி குனிந்து தூளை வழித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கரண்ட் வந்தது. ரூட்டர் சுழன்று அவள் முந்தானையைச் சுருட்டி இழுத்தது.

“ஏனுங்க, நிறுத்துங்க!” என்று கத்தினாள்.

பிளக் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் கால் நகரவில்லை. சேலை கிழிய அவளே எட்டி வயரைப் பிடுங்கினாள். வெட்டும் முனையான பிட் அவள் கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

“ஒண்ணும் ஆவலீங்க. சேலைதானுங்க போச்சு, உடுங்க” என்று எனக்குத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் பிடுங்கவில்லை என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது அசந்து தூங்குகிறாள். கழுத்தை இரண்டு முறை பார்த்துவிட்டேன். அவசரத்துக்கு அணைக்க, பெரிதாக ஒரு சிவப்புப் பொத்தான் நாளைக்கே வைத்துவிடுவேன். அதை அழுத்த வேண்டிய நேரத்தில் பக்கத்தில் நிற்கப்போவது இன்று கால் நகராமல் நின்ற இதே ஆள்தான்.